பலூன் கயிறும் என் தம்பியின் கையும்

ரூபனின் வலது கால் செருப்பு கழன்று விழுந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

உப்பளத்து வரப்பின் மேல் நின்றிருந்தேன். ஒரு கையில் காற்று மீட்டர், மறு கையில் வாக்கிடாக்கி. எனக்கு முன்னால் என் தம்பி ரூபன் ஒரு கயிற்றைப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுமுனை வெப்பக்காற்றுப் பலூனின் கூடையில் கட்டியிருந்தது. கூடைக்குள் பைலட், என் கணவர், ஆறு பயணிகள், மொத்தம் எட்டுப் பேர். ரூபன் ஓடினான். பிறகு அவன் ஓடவில்லை, கால்கள் மட்டும் ஓடின. தரை அவனுக்குக் கீழே போய்விட்டது.

அப்போது என்ன நினைத்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். செருப்பு சேற்றில் புதைவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். புதுச் செருப்பு. அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

பலூன் தரைவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் கொஞ்சம் வரும்.

காற்றுக்கு ஒரு ஆள்

பதினெட்டு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தேன். பிறகு அண்ணாச்சி ஒருவர் தருவைகுளம் பக்கத்துப் பொட்டலில் வேலி போட்டுப் பலூன் விட ஆரம்பித்தார். அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், தூத்துக்குடியில் மூன்று கடை. சுற்றுலா வருகிறவர்களைக் காலையில் மேலே ஏற்றி, கடலையும் துறைமுகத்தையும் உப்பளத்தையும் காட்டி இறக்கிவிடுவது அவருடைய யோசனை. பைலட் முரளி சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் கேப்டன் என்போம்.

கேப்டன் ஒருநாள் எங்கள் உப்பளத்துக்கு வந்து, "எந்தப் பாத்தியில தண்ணி நிக்கும், எது காஞ்சு கெடக்கும்னு நல்லாத் தெரிஞ்சவங்க யாருங்க?" என்று கேட்டார். கங்காணி என்னைக் கைகாட்டினார். நான் வாய் திறக்கவில்லை. ஒரு குச்சியால் ஈர மண்ணில் கோடு போட்டு, தண்ணீர் நிற்கும் பாத்திகளுக்குள் புள்ளி வைத்தேன். மறுவாரம் எனக்கு வேலை.

பலூனைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. பர்னரைப் போட்டால் மேலே போகும். உச்சியில் இருக்கும் வாயைச் சிவப்புக் கயிற்றால் திறந்துவிட்டால் கீழே வரும். எந்தப் பக்கம் போவது என்பது காற்றின் இஷ்டம். அதற்கு பிரேக்கும் கிடையாது. தரையில் காற்று எந்த வேகத்தில் அடிக்கிறதோ அந்த வேகத்தில்தான் கூடை வந்து மோதும்.

கூடைக்குள் இருப்பவர்களுக்குக் காற்றே தெரியாது. காற்றோடு சேர்ந்து போவதால் மேலே மெழுகுவர்த்தி ஏற்றினாலும் ஆடாதாம். அதனால் கீழே எவ்வளவு காற்று என்று தரையிலிருந்து ஒரு ஆள் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான். பிக்கப் வண்டியில் பலூனுக்கு முன்னால் போய், இறங்கப் போகும் இடத்தில் மீட்டரைத் தூக்கிப் பிடித்து, "ஆறு நாட்", "ஏழு நாட்" என்று சொல்ல வேண்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பத்து நாட்டுக்கு மேல் பறப்பதில்லை என்பது கேப்டனின் சட்டம்.

ஆரம்பத்தில் என் குரல் அவருக்குக் கேட்கவே இல்லை.

"அக்கா, மைக்கு கடிக்காதுங்க. பக்கத்துல வெச்சுப் பேசுங்க."

"ஏழு..."

"ஏழுங்களா, எழுபதுங்களா? எழுபதுன்னா நான் இப்பவே சாமிகிட்டப் போறேனுங்க."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரூபன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். அவனையும் என் கணவர் சிலுவையையும் இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். அதற்காகக் கேப்டனிடம் பேச நாலு நாள் ஆனது எனக்கு.

கயிறு யார் கையில்

என் கணவர் சங்கு குளித்தவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற வேலை. ஆழத்தில் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்து, இனிமேல் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடலை விட்டார்.

எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் ஆட்டினால் மேலே இழுப்பான். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காள் தங்கையைத் தாலி இல்லாமல் பார்க்க எவனுக்கும் மனம் வராது, ஆகையால் அவன் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் என் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ரூபனைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "பொண்ணு எப்படியும் இருந்துட்டுப் போவுது. பய கை நல்லாருக்கு" என்றாள். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

பதினாறு வருடம் ரூபன்தான் அவருக்குக் கயிறு பிடித்தான். முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பான். கை அசந்தாலும் கயிறு நழுவக் கூடாதே.

பயிற்சி நாளில் நான் சொல்லாமல் விட்டது

பலூன் கூடையிலும் ஒரு கயிறு உண்டு. நூறு அடி நீளம். ஒரு பையில் மடித்து வைத்திருப்பார்கள். காற்றே இல்லாத காலையில், கூடை வரப்பு மேலோ முள்ளுக்காட்டிலோ இறங்கிவிடாமல் ஓரமாக இழுத்துக்கொள்ள அதைக் கீழே போடுவார்கள். தரையில் நிற்பவர்கள் பிடித்து மெல்ல இழுத்துப் போகலாம். காற்று இருக்கும்போது அதைப் போடவே கூடாது. பலூனுக்குள் இருக்கும் காற்றின் எடை மட்டும் ஒரு லாரி பாரம் இருக்குமாம். ஓடிக்கொண்டிருக்கும் லாரியைக் கயிறு கட்டி நிறுத்த முடியுமா?

கேப்டன் எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு காலும் தரையில இருக்கணும். ஒரு கால் கெளம்புச்சுன்னா கையை விட்டுடணும். யோசிக்கக் கூடாது. கையில சுத்தக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினோம். ரூபன்தான் பலமாக ஆட்டினான்.

கயிற்றின் ஒரு முனையைப் பிக்கப்பில் கட்டி இழுத்துப் பழக்கினார். வண்டி இழுத்ததும் மற்றவர்கள் கையை விட்டார்கள். ரூபனும் விட்டான். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்னால் அவன் கை தானாக முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு ஞாபகம் வந்து அவிழ்த்ததை நான் பார்த்தேன். கேப்டன் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் மட்டும்தான் பார்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் நிற்கிறார்கள். சொந்தத் தம்பியை எல்லோர் முன்னாலும் எப்படிக் காட்டிக்கொடுப்பது, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அதைவிட, எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்று கூச்சம். அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து அவனிடம் மெதுவாகச் சொன்னேன். "ஏலே, கையில சுத்துத. நான் பாத்தேன்."

"போக்கா. அதான் அவுத்துட்டம்லா."

"அவசரத்துல அவுக்க மறந்துட்டா?"

"பதினாறு வருசம் அத்தான் உசுரு இந்தக் கையில கெடந்துருக்கு. எப்பம் பிடிக்கணும், எப்பம் விடணும்னு எனக்குத் தெரியாதா?"

எப்போது பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். விடுவதற்குக் கடலில் அவன் பழகியதே இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரம்

பொங்கல் முடிந்த வாரம். வாடைக்காற்று மாதம். விடியும்போது வடகிழக்கிலிருந்து மெல்ல வரும், வெயில் ஏற ஏற வேகமாகும். அதனால் ஆறரைக்குக் கிளம்பி ஏழரைக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும். தருவைகுளத்திலிருந்து தென்மேற்காக உப்பளத்தின் மேல் வந்து, மாப்பிள்ளையூரணிக்கு முன்னால் இருக்கும் காய்ந்த பொட்டலில் இறங்குவது வழக்கம். அதற்கு அப்பால் உயரமான கோபுரங்களில் மின்கம்பி போகிறது. அதைத் தாண்டினால் ஊர்.

அன்று ஆறரைக்கு மீட்டர் நாலு நாட் காட்டியது. பலூனை விரித்து எல்லோரும் தயார். அண்ணாச்சிக்கு வேண்டியவர்கள், மதுரையிலிருந்து வருகிற குடும்பம், இன்னும் வரவில்லை.

"அண்ணாச்சி, நேரமாச்சுங்க."

"வந்துட்டாவ கேப்டன், வந்துட்டாவ. எட்டயபுரத்துல டீ குடிச்சிட்டிருக்காவ."

"எட்டயபுரத்துலயா! அப்ப நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"நாளைக்கு அவுகளுக்கு ஊருக்குப் போவணும்லா. ஒரு ரவுண்டு தூக்கி எறக்கிட்டாப் போதும். சின்னப் பிள்ளையள்லாம் ஆசையா வருது."

அவர்கள் வந்து, ஒவ்வொருவராகப் படம் எடுத்து, கூடையில் ஏறியபோது மணி ஏழே முக்கால். மீட்டரில் ஒன்பது. நான் சொன்னேன். கேப்டன் கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அண்ணாச்சியை ஒருமுறை பார்த்தார். "பத்துக்குக் கீழ இருக்குது. சீக்கிரமா எறங்கிடலாம்" என்றார்.

ஒன்பது என்பது ஒரு இடத்தில் நிற்கும் எண் அல்ல, ஏறிக்கொண்டிருக்கும் எண் என்று எனக்குத் தெரியும். நாலிலிருந்து ஒன்பது வரை அது ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான் ஒருத்திதான். அதையும் சொல்லவில்லை.

என் கணவர் கூடைக்குள் கேப்டனுக்கு உதவியாள். இறங்கும் நேரத்தில் பயணிகளை உட்கார வைப்பது அவர் வேலை. கூடை போகிற திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் பிடியைப் பிடித்துக் குந்தியிருக்க வேண்டும். கையோ தலையோ வெளியே வரக் கூடாது. கேப்டன் சொல்லும்வரை யாரும் கூடையை விட்டு இறங்கக் கூடாது. ஒருவர் குதித்தாலும் எடை குறைந்து மற்றவர்கள் மேலே போய்விடுவார்கள்.

இறக்கம்

ரூபனும் நானும் இன்னும் இரண்டு ஆட்களும் பிக்கப்பில் முந்திப் போனோம். பலூன் எங்களைத் துரத்தி வந்தது. வழக்கமாக ரூபன் வழியில் நிறுத்தி ஒரு பீடி குடிப்பான். அன்று நிறுத்த நேரமில்லை.

வரப்பில் ஏறி மீட்டரைத் தூக்கினேன். பதினொன்று. பன்னிரண்டு. பதினாலு.

"கேப்டன், பதினாலு" என்றேன்.

ரேடியோவில் அவர் குரல் நிதானமாக வந்தது. "சரிங்கக்கா. பொட்டல்லயே எறக்கறேன். ரோப்பு கெடையாது. ஆளுக யாரும் கிட்ட வர வேண்டாம். கூடை சாஞ்சு கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போகும். நின்னதுக்கப்புறம் வாங்க."

திரும்பி மூன்று பேரிடமும் சொன்னேன். ரூபன், "சரிக்கா" என்று வண்டியில் சாய்ந்து நின்றான்.

பலூன் தாழ்ந்து வந்தது. சும்மா நிற்கும்போது அழகாகத் தெரியும் அந்தப் பொருள், அந்த வேகத்தில் வரும்போது ஒரு கட்டிடம் நகர்ந்து வருவது போல இருந்தது. பயணிகள் தலை ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் குந்திவிட்டார்கள். என் கணவரின் தலை மட்டும் தெரிந்தது. அவரும் குந்தியிருக்க வேண்டும். அவர் கீழே பார்த்தார். வண்டி பக்கத்தில் நின்ற ரூபனைப் பார்த்தார்.

பையிலிருந்து கயிறு வந்து விழுந்தது.

கேப்டன் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. என் கணவர் எறிந்தார், ரூபன் ஓடினான். நான் கூப்பிடுவதற்குள் கயிற்றைப் பிடித்து, முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்துவிட்டான். வள்ளத்தில் நிற்பது போலவே நின்றான். கயிறு இழுத்ததும் அதன் பின்னாலேயே ஓடினான்.

கூடையின் அடிப்பாகம் பொட்டலுக்கு முந்தின வரப்பில் மோதியது. பந்து போல எழும்பியது. அதோடு ரூபனும் எழும்பினான். செருப்பு விழுந்தது அப்போதுதான்.

"விடுலே! விடுலே!" என்று மற்ற இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவன் விடவில்லை. நினைத்தாலும் விட முடியாது. அவன் எடையே கயிற்றை முழங்கையில் இறுக்கிவிட்டது. ஒரு ஆள் உயரம். இரண்டு ஆள் உயரம்.

கூடையில் இருந்த யாருக்கும் அவன் தொங்குவது தெரியாது. பயணிகள் குந்தியிருக்கிறார்கள். மோதின வேகத்தில் என் கணவர் உள்ளே விழுந்துவிட்டார். கேப்டன் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கை பர்னரை நோக்கிப் போவது எனக்குத் தெரிந்தது. பர்னரைப் போட்டால் பனை உயரம், அதற்கும் மேலே. ரூபன் அங்கிருந்துதான் விழுவான்.

வாக்கிடாக்கியை வாயில் வைத்தேன். வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னேன் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"ஆளு தொங்குது! கீழ ஆளு தொங்குது! பர்னர் போடாதீங்க! எறக்குங்க! எறக்குங்க!"

கேப்டன் கை பர்னரை விட்டுவிட்டுச் சிவப்புக் கயிற்றுக்குப் போனது. முழுப் பலத்தோடு தொங்கி இழுத்தார். பலூனின் உச்சி திறந்துகொண்டது. ரூபன் பொட்டலுக்கு அப்பால் தண்ணீர் நின்ற பாத்திக்குள் விழுந்தான். கூடை அவனுக்கு முன்னால் சாய்ந்து விழுந்து, சேற்றையும் உப்பையும் உழுதுகொண்டு போனது. கயிற்றோடு அவனும் வயிறு தேய அதன் பின்னால் போனான். ஒரு வரப்பு உடைந்தது. பிறகு எல்லாம் நின்றது.

துணி பொத்தென்று படுத்தது. அதன் உச்சி விழுந்த இடத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தும் அளவு இடம் இருந்தது. அதை நான் அப்போது பார்க்கவில்லை.

விரியாத விரல்கள்

அவன் பக்கத்தில் போய் விழுந்தேன். கண் திறந்திருந்தது. உடம்பெல்லாம் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் எல்லாம் உப்புத் தண்ணீர். எப்படிக் காந்தியிருக்கும்! ஆனால் அவன் கத்தவில்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் தோள் இல்லை. கயிறு முழங்கையில் சதைக்குள் பதிந்திருந்தது. வலது கை முஷ்டியாக மூடியிருந்தது.

"அக்கா, அத்தான் எறங்கிட்டாரா?"

"எறங்கிட்டாரு."

"அப்பம் சரி."

கயிற்றை எடுக்கப் பார்த்தேன். முஷ்டி விரியவில்லை. "கையத் தொறலே" என்றேன். "தொறந்துதானக்கா இருக்கு" என்றான். அவனுக்கே தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விரித்தேன். இரண்டு விரல்கள் தொட்டதுமே துவண்டு வந்தன. எலும்பு உடைந்திருந்தது.

அந்தப் பக்கம் கூடையில் என் கணவர் வெளியே பாயப் பார்த்தார். கேப்டன் அவர் சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்தார். "இருங்கண்ணா! காத்து இன்னும் முழுசாப் போகலை. நீங்க எறங்குனா மத்தவங்களுக்கு ஆபத்துங்க. இருங்க!" துணி முழுவதும் தட்டையான பிறகுதான் ஒவ்வொருவராக இறக்கினார். பயணிகள் யாருக்கும் காயமில்லை. மதுரை அம்மா ஒருவர் சேற்றோடு எழுந்து நின்று புடவையைத் தட்டிவிட்டு, "இப்படித்தான் எறங்குமா? தெனமுமா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் என் கணவர் சொன்னார்: "நான் எறிஞ்சேன்னு எனக்கே தெரியாதுளா. கீழ அவன் நிக்கான். கை போயிட்டு."

கேப்டன் கேட்ட கேள்வி

இரண்டு வாரம் கழித்துக் கேப்டன் வீட்டுக்கு வந்தார். பயணி ஒருவர் போனில் எடுத்த வீடியோ அவரிடம் இருந்தது. குந்தியிருந்தபடியே கையை மட்டும் தூக்கி எடுத்திருக்கிறார். செய்யக் கூடாத வேலை.

படத்தில் கேப்டனின் முதுகு தெரிகிறது. அவருக்கு முன்னால், படம் முழுக்க, மின்கம்பிகள். ஆறு கம்பி. அவ்வளவு பக்கத்தில். அப்போது ரேடியோவில் ஒரு பெண் கத்துகிறாள், பர்னர் போடாதீங்க, எறக்குங்க என்று. அந்தக் குரல் யாருடையது என்று ஒரு நிமிடம் எனக்கே பிடிபடவில்லை.

"அக்கா, நீங்க சொல்றப்ப கம்பியப் பாத்தீங்களா?"

"பாக்கலை."

"எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

"தெரியாது."

"பர்னர் போட்டா கம்பியத் தாண்டி அந்தப் பக்கம் போயிடலாம்னு நெனச்சேனுங்க. எறக்குனா கம்பிக்கு முன்னால நிக்கணும். நின்னுடும்னு மனசுல கணக்குப் போட்டுத்தான் சிவப்புக் கயித்த இழுத்தேன். நிக்காதுன்னு தோணியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியலை. உங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஒம்போதுன்னப்பவே நான் ஏறியிருக்கக் கூடாது. அது என் தப்பு. ரோப்பைத் தடுக்காம விட்டதும் என் தப்பு. ஆனா கூடையில எட்டுப் பேர் இருந்தோம். நீங்க ஒருத்தரைத்தான் பாத்தீங்க."

அந்த எட்டுப் பேரில் என் கணவரும் ஒருவர். அந்த நேரத்தில் அவர் இருக்கிறார் என்பதே என் மனதில் இல்லை. மதுரைக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் இல்லை. தம்பியின் கால்கள் மட்டும்தான் இருந்தன.

என் கணவர் கயிறு எறிந்தது தப்பு, ரூபன் பிடித்தது தப்பு என்று இரண்டு வாரமாக மனதுக்குள் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அவர்களுக்குக் கயிறு, எனக்கு வாக்கிடாக்கி. இறங்க இடம் இருந்ததால் நான் சொன்னது சரியாகப் போயிற்று. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ரூபனிடம் கேட்டேன். "இன்னொரு நாள் அதே மாதிரி கயிறு வந்தா விட்டுருவியாலே?"

கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"மேல அத்தான் இல்லன்னா விட்டுருவேன்" என்றான்.

தோள் இறங்கி, விரல் உடைந்து, இரண்டு வாரம் படுத்துக் கிடந்தவன் பேசுகிற பேச்சு இது.

நான் பேசிய ஒரே கூட்டம்

மறுபடியும் பலூன் விடுவதற்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தால் எண் என்னவாக இருந்தாலும் கிளம்புவதில்லை, ஏழு மணிக்கு வராத பயணிக்கு அன்றைக்குப் பலூன் இல்லை, கயிற்றுப் பை கேப்டன் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் பூட்டி இருக்கும் என்று கேப்டன் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பயிற்சி நாளிலும் இப்படித்தான் ஆட்டினோம்.

நான் எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அது.

"கூடையில போறவங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் கீழ வேலை பாக்கக் கூடாது" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். "ஏம்மா, உங்க கடற்கரையில யாரு யாருக்குச் சொந்தமில்ல? நாலு வீடு தள்ளிப் போனா எல்லாவனும் மச்சினன். அப்பம் ஆளுக்கு நான் எங்கன போவேன், காசிக்கா?"

"எங்கயும் போவ வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு மேல போறது யாருன்னு பாத்து ஆளை மாத்திக்கிட்டாப் போதும்."

"சொல்லிக்குடுத்தா விட்டுர மாட்டானா?"

"விடமாட்டான். என் தம்பிகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் கட்டுப்போட்ட கையோடு ரூபன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் முதலில் தலையாட்டினான்.

கேப்டன் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "ரேடியோவுக்கும் சேத்துங்களா அக்கா?"

"அதுக்கும் சேத்துத்தான்" என்றேன்.

ரூபனின் வலது கை இப்போது முழுதாக மூடுவதில்லை. கியர் போட முடிகிறது, கயிறு பிடிக்க முடியாது. "இனி என்னைய நீ வேவு பாக்க வேண்டியதில்லல்லாக்கா" என்று கேலி பேசுகிறான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காற்றில் இறங்கும் பலூனை யாரும் பிடித்து நிறுத்த முடியாது, தள்ளி நில்லுங்கள், கால் கிளம்பினால் கையை விடுங்கள். இதெல்லாம் கேப்டன் சொல்வார், நீங்களும் கேட்பீர்கள். ஆனால் மேலே இருப்பது உங்கள் ஆளாக இருந்தால் கேட்டது எதுவும் கைக்குப் போய்ச் சேராது. அதனால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். நிற்கிற ஒருவரைத் தெரிந்தால் கூச்சப்படாமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு நாள் காலையும் மீட்டரைத் தூக்குவதற்கு முன்னால் கூடையில் போகிறவர்களின் பெயர்களை வாசிப்பேன். பிறகு தரையில் நிற்பவர்களிடம், "இதுல யாராவது உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்பேன். பட்டியலில் என் கணவர் சிலுவையின் பெயர் இருக்கும் நாட்களில் முதலில் கை தூக்குவது நான்தான். வாக்கிடாக்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வேன்.